போட்கின் அம்பு முனை அடிப்பது எப்படி?

ஆணி, கொக்கி அடித்துக் கை கொஞ்சம் பழகியதும் அம்பு முனைக்கு வாருங்கள். விரல் நீள இரும்பிலேயே தட்டையாக்குவது, சுருட்டுவது, நீட்டுவது எல்லாம் வந்துவிடும். நாம் அடிக்கப்போவது இடைக்கால இங்கிலாந்தின் போட்கின்: நாலு பட்டையாகக் கூர், அடியில் தண்டு நுழையும் குழல்.

10 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது மென் எஃகு) உருண்டைக் கம்பி இரண்டடி போதும். மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம். துத்தநாகம் பூசிய கம்பி வேண்டவே வேண்டாம். அதன் புகை நஞ்சு. கண்ணாடி, பருத்தி உடை கட்டாயம்.

குழலைத்தான் முதலில் அடிக்க வேண்டும். கூரை முதலில் முடித்துவிட்டால் அப்புறம் பிடிக்க வசதி இருக்காது.

கம்பி நுனியில் இரண்டு செ.மீ. அளவை மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி, சுத்தியலின் குறுகிய முனையால் பக்கவாட்டில் பரப்புங்கள். விசிறி வடிவம் வரும். உள்வாய் 10 மி.மீ. வேண்டுமென்றால் விசிறியின் அகலம் சுமார் 35 மி.மீ., ஓரத்தின் கனம் ஒரு மி.மீ. இருக்கட்டும். கம்பியோடு சேரும் இடம் மட்டும் தடிப்பாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்து ஒடியும். இந்த விசிறி சரியாக வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மெல்லிய ஓரம் நொடியில் எரிந்துவிடும், அதனால் இனி உலையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தாடைகளைச் சற்றே திறந்து, விசிறியை மேலே வைத்து நடுவில் தட்டினால் ஓடை மாதிரி வளையும். பிறகு பட்டடையில் வைத்து இரண்டு ஓரங்களையும் மெதுவாக உள்ளே தட்டுங்கள். கூம்பு வடிவ இரும்புக் குச்சியை உள்ளே விட்டு வாயை உருட்டிச் சரிசெய்யுங்கள். ஓரங்கள் முட்டி நின்றால் போதும், பற்றவைக்க வேண்டாம்.

அடுத்து கூர். குழலுக்கு அப்பால் மூன்று செ.மீ. விட்டு, கம்பி முழுசாக இருக்கும்போதே அந்த இடத்தைச் சதுரமாக அடித்து மெலியச் செய்யுங்கள். மெலிந்த இடத்தில் வெட்டினால் கூர் ஏறக்குறைய தயார். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும்.

இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றி காலத்து 1406-ஆம் ஆண்டுச் சட்டம் அம்பு நுனிகளை எஃகால் கடினமாக்கச் சொன்னது; செய்தவர் முத்திரையும் வேண்டும் என்றது. நம் எம்.எஸ்.ஸில் கரி (கார்பன்) குறைவு, நீரில் தோய்த்தாலும் அவ்வளவாக இறுகாது. பயிற்சிக்கு அது போதும்.

சூடு தணிந்து கறுத்ததும் தேன்மெழுகு தேய்த்தால் துரு அண்டாது. குழலுக்குள் இருக்கும் மெழுகை மட்டும் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் பசை ஒட்டாது. தண்டின் நுனியைக் குழலின் அளவுக்குக் கூம்பாகச் சீவி, எபாக்சி பசை வைத்துச் செருகுங்கள்.