உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய பொருள் கடைக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் வேலை, சட்டைகளை உட்புறம் வெளியே வரத் திருப்புவது. கடைக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. அடுக்கி வைத்தது கலைந்துபோகிறதே என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். பார்த்து முடித்துவிட்டு, அவர் மடித்ததைவிட ஒழுங்காக நான் மடித்து வைத்தேன். அன்றிலிருந்து அவர் ஒன்றும் சொல்வதில்லை.

என் அப்பா தையல்காரர். யாராவது புதுச் சட்டையைக் காட்ட வந்தால் நிறத்தைப் பார்க்க மாட்டார். கையை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் புரட்டி, அக்குள் தையலை விரலால் நீவிப் பார்ப்பார். "வெளிப்பக்கத்தை எவனும் அழகாகத் தைப்பான்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. சட்டையில் தொடங்கியது நாற்காலி, வாணலி, இழுப்பறை என்று பரவி, இப்போது எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

பழைய பொருளில் எனக்குள்ள இன்பமே இதுதான்: அதற்கு ஏற்கெனவே பரீட்சை நடந்து முடிந்திருக்கிறது. ஐம்பது முறை துவைத்த பருத்திச் சட்டை சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. சாயம் போவதாக இருந்தால் போய்விட்டது. மிச்சம் நிற்பது இனியும் நிற்கும். புதுப் பொருள் கடையில் இந்த உறுதி எந்த அட்டைப்பெட்டிக்குள்ளும் கிடைப்பதில்லை.

கிளம்பும்போது பையில் அளவு நாடா, கட்டைவிரல் நகத்தளவு காந்தம், சின்ன டார்ச், கறுப்புத் துணித் துண்டு ஒன்று ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தாளில் சில அளவுகள். வீட்டில் உங்களுக்கு மிகவும் பொருந்துகிற சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையிலும் துணியை விரித்து அப்படியே அளங்கள். கழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், துவைக்கத் துவைக்க இன்னும் மாறும். சுவரில் காலியாக உள்ள இடத்தின் அகலமும் அந்தத் தாளில் இருக்கட்டும். அரை அங்குலத்தில் வாசலைத் தாண்டாமல் நின்ற அலமாரி ஒன்றின் கதை என்னிடம் உண்டு. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

துணிகளில் தொடங்குகிறேன். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். முழங்கை, தொடை, முதுகின் நடுப்பகுதி இவற்றில் நெசவு மெலிந்து வெளிச்சம் கசிந்தால் அந்தத் துணிக்கு ஆயுள் அதிகம் இல்லை. அக்குளில் மஞ்சள் படிந்து துணி விறைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அதைப் போக்க நான் பட்ட பாட்டுக்குப் புதுச் சட்டையே தைத்திருக்கலாம். பொத்தான் இல்லை, ஓரம் பிரிந்திருக்கிறது, ஜிப்பின் இழுப்பான் உடைந்திருக்கிறது என்பவை குறைகளே அல்ல. பேரம் பேச அவை உதவும். உட்புறத்தில் தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அரை அங்குலமாவது இருந்தால் பிரித்துத் தளர்த்தலாம். இல்லையென்றால் பெரியதையே வாங்குங்கள்: பெரியதைச் சிறியதாக்கலாம், சிறியதை ஒன்றும் செய்ய முடியாது.

துணி இன்னதென்று சொல்லும் சீட்டு பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் உட்தையலிலிருந்து இரண்டு நூல் உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கல் போன்ற உருண்டையாக நிற்கும். கலப்புத் துணி இரண்டு குணத்தையும் காட்டும். கடையில் இதைச் செய்ய வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த வேலை. நல்ல சட்டைகள் கடைக்கு வருவதற்குப் பாதிக் காரணம் காலர். உடல் முழுவதும் பழுதில்லாமல் இருக்கும். கழுத்தில் உராய்ந்து காலரின் மடிப்பு மட்டும் பிசிறு விட்டிருக்கும். உடையவர் அதைக் கழித்துவிடுவார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஏனென்றால் காலருக்கு இரண்டு முகம். மேல்முகம்தான் தேய்ந்திருக்கிறது, மடிப்புக்குள் மறைந்திருந்த அடிமுகம் புதிதாகவே இருக்கும்.

காலரில் இரண்டு துண்டுகள் உண்டு: கழுத்தைச் சுற்றி நிற்கிற பட்டை, அதன் மேல் மடங்கி விழுகிற பகுதி. இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் தையலைப் பிரியுங்கள். தையல் பிரிக்கும் கருவியை இழுக்காதீர்கள்; நான்கு தையலுக்கு ஒன்றை அறுத்துவிட்டு, மறுபக்கத்து நூலைப் பிடித்து உருவினால் துணி காயப்படாமல் வந்துவிடும். பிரிப்பதற்கு முன்பே பட்டையின் நடுவிலும் காலரின் நடுவிலும் வண்ண நூலால் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். முதல்முறை இதைச் செய்யாமல் விட்டதால், என் சட்டையின் காலர் ஒரு பக்கம் கால் அங்குலம் நீண்டு நின்றது. பிரித்த காலரை இஸ்திரி போட்டு, பிசிறின் மேல் ஒரு மெல்லிய துணித் துண்டு வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டி, அடிமுகம் மேலே வரத் திருப்புங்கள். அடையாளத்தோடு அடையாளம் சேர்த்து, ஓரங்களைப் பட்டைக்குள் செருகி, முதலில் கையால் ஓடுதையல் போட்டு, பிறகு பழைய துளைகளின் வழியே இயந்திரத்தில் தையுங்கள். முக்கால் மணி நேர வேலை. காலர் முனை நிமிர்ந்து நிற்கப் பிளாஸ்டிக் பட்டை செருகும் பை சில சட்டைகளின் அடிமுகத்தில் இருக்கும். திருப்பினால் அது மேலே வந்து பல்லிளிக்கும். அப்படிப்பட்ட சட்டைகளை நான் தொடுவதில்லை.

கம்பளி விஷயத்தில் என் முதல் பாடம் ஒரு விபத்து. பிரமாதமான ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி வந்து, கிருமி போகட்டும் என்று சூடான நீரில் போட்டு இயந்திரத்தைச் சுற்றவிட்டேன். எனக்கு வாங்கியது, ஐந்து வயதுக் குழந்தைக்கும் கைநுழையாத கனத்த அட்டையாக வெளியே வந்தது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு விடாது. இரண்டு நாள் துக்கம் கொண்டாடிவிட்டு அதை வெட்டிப் பார்த்தேன். ஓரம் பிசிறவே இல்லை! எங்கே வெட்டினாலும் அப்படியே நின்றது. கைகளை வெட்டித் தண்ணீர்ப் புட்டிக்கு உறை, முதுகைச் சதுரமாக வெட்டிச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, எஞ்சிய துணுக்குகளை வட்டமாக நறுக்கி நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டு. இப்போது பூச்சி அரித்துத் துளை விழுந்த சுத்தக் கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தால், வேண்டுமென்றே சுருக்குவதற்காக வாங்குகிறேன்.

எதுவானாலும் வீட்டுக்குள் நேராகக் கொண்டுவராதீர்கள். மூட்டைப்பூச்சி தையல் இடுக்கிலும் திருகுக் குழியிலும் மெத்தை மடிப்பிலும் ஒளிந்திருக்கும். அதன் சுவடு, பேனா முனையால் குத்தியது போன்ற கறுப்புப் புள்ளிகள். துவைக்கத் தாங்கும் துணியை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். தாங்காததைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் வையுங்கள். கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிக்கும் இதே குளிர் வைத்தியம்தான், ஆனால் இரண்டு வாரம் வைக்க வேண்டும். பழைய மெத்தையை நான் வாங்குவதே இல்லை, எவ்வளவு நல்லதானாலும்.

மரச் சாமானைக் கவிழ்க்கக் கூச்சப்படாதீர்கள். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் யாரோ பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். பற்கள் ஒரே அளவில் அச்சடித்தது போல் இருந்தால் இயந்திர வேலை, அதுவும் உறுதிதான். வெறும் ஸ்டேப்ளர் கம்பிகள் என்றால் அடுத்த சாமானுக்கு நகருங்கள். "நூறு வருஷத்து மேசை" என்று யாராவது சொன்னால் திருகுகளைப் பாருங்கள். கூட்டல் குறித் தலை கொண்ட பிலிப்ஸ் திருகு புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். பிற்பாடு யாராவது பழுதுபார்த்தபோது மாற்றியிருக்கலாம். ஆனால் எல்லாத் திருகும் அப்படியே என்றால் கதை வேறு.

ஊசித்துளை அளவில் ஓட்டைகள் இருக்கின்றனவா? அடியில் கறுப்புத் துணியை விரித்து மேலே தட்டுங்கள். வெளிர்நிறத்தில் புது மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்றும் கொட்டவில்லை என்றால் அநேகமாகப் போய்விட்டது. ஆட்டம் காணும் நாற்காலியை நான் விரும்பியே வாங்குவேன். ஆனால் முந்தைய சொந்தக்காரர் ஆணி அடித்துச் 'சரிசெய்த' நாற்காலியை வாங்க மாட்டேன், ஆணி மரத்தைப் பிளந்திருக்கும். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பொருத்தில் காய்ந்துபோன பசை. பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது, எல்லோரும் தவறுவது இங்கேதான். பொருத்தை முழுவதும் பிரித்து, பழையதைச் சுரண்டி மரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே ஒட்டுங்கள். கயிற்றால் இறுகச் சுற்றி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் போதும்.

பளபளப்பைச் சுரண்டுவதற்கு முன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அதிர்ஷ்டம்! அரக்கு தன் மேல் பூசும் புது அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும். உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். பல அடுக்குப் பழைய பெயின்ட் பூசிய சாமானை உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்ததே 1978-ல்தான். பழைய பெயின்ட்டின் தூசியில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் எதற்கு என்றால், பித்தளையில் அது ஒட்டாது. ஒட்டினால் இரும்பின் மேல் மெல்லிய பூச்சு. பீங்கானை விரல் முட்டியால் தட்டுங்கள்: முழுசாக இருந்தால் கணீர் என்னும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மண்சட்டி போல் மழுங்கிய ஒலி வரும். வார்ப்பிரும்பு வாணலியில் மேலாகத் துரு இருந்தால் பயப்படாதீர்கள். தண்ணீரும் வினிகரும் சரிபாதி கலந்து ஊறவைத்துத் தேய்த்து, உடனே அடுப்பில் காயவைத்து, எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டுப் புகையும் வரை சூடேற்றுங்கள். நான்கைந்து முறை இப்படிப் பழக்கினால் கறுத்துவிடும். ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள், அமிலம் இரும்பையும் தின்னும்.

தலைக்கவசத்தையும் பழையதாக வாங்க வேண்டாம். ஒருமுறை அடிபட்டால் உள்ளே நுரை நசுங்கிவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது. திருப்பிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத பொருள் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வாங்கிய எதையும் ஒரு வாரத்துக்குள் கையில் எடுக்காவிட்டால் அது குப்பையாகிவிடும் என்பது என் அனுபவம். மேசை விளக்குகள் மூன்று என் வீட்டு மூலையில் இரண்டு வருடம் கிடந்தன. கடைசியில் அவற்றை வாங்கிய கடைக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

கவிழ்த்துப் பார்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற எனக்கு நான்கு இழுப்பறை கொண்ட ஒரு பெட்டகம் இருக்கிறது. மூலையெல்லாம் புறாவின் வால் போன்ற பற்கள். வாங்கிய அன்று அதைப் பார்த்தே மயங்கிவிட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் முரண்டு பிடிக்கும். மெழுகுவர்த்தியை ஓடும் விளிம்பில் தேய்த்தால் வழுக்கும் என்பது நான் ஊருக்கெல்லாம் சொல்கிற யோசனை, தேய்த்தேன். ஒரு வருடம் தேய்த்தேன். போன மாதம், சரி, விளிம்பை இழைத்துவிடலாம் என்று இரண்டையும் வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். அடிப்பலகையில், செய்தவரின் பென்சில் கையெழுத்தில், மேலே இருந்ததில் 3 என்றும் கீழே இருந்ததில் 2 என்றும் எழுதியிருந்தது. இடம் மாற்றி உள்ளே தள்ளினேன். சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொண்டன.