சிங்கப்பூரில் சாலை விபத்து நடந்தால்: ஓட்டுநரும் பயணியும் செய்ய வேண்டியவை, படிப்படியாக

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அக்காவின் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன்னிருக்கையில் இருந்தேன். அப்பர் சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்காக நின்ற காரின் பின்பக்கத்தை எங்கள் கார் மெதுவாக இடித்துவிட்டது. பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். அந்தக் காரை ஓட்டியவர் இறங்கிப் பார்த்தார். போன் நம்பரை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லை, ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்களும் நிம்மதியாகக் கிளம்பிவிட்டோம். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வக்கீல் கடிதம் வந்தது. பின்கதவு பழுது, கழுத்து வலி, வாடகைக் கார் செலவு என்று நீண்ட பட்டியல். கடிதத்தைப் பிடித்திருந்த அக்காவின் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானாவது நாலு படம் எடுத்திருக்கலாமே என்ற எண்ணம் இப்போதும் உறுத்துகிறது. அதனால்தான் ஓட்டுநருக்கு மட்டுமல்லாமல் பயணிக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

படி 1: வண்டியை நிறுத்துங்கள்

சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 84ஆம் பிரிவு இதைப் பற்றியது. உங்கள் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் ஒரு மனிதருக்கோ, இன்னொரு வண்டிக்கோ, ஒரு கட்டுமானத்துக்கோ சேதம் ஏற்பட்டால் நீங்கள் நின்றே ஆக வேண்டும். தப்பு யாருடையது என்பது இங்கே கேள்வியே இல்லை. எதிரே வந்தவர் சிவப்பு விளக்கை மீறி உங்களை இடித்திருந்தாலும் நீங்கள் நிற்க வேண்டும். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

விலங்குகளுக்கும் இது பொருந்தும். முன்பு நாய், ஆடு, மாடு, குதிரை என்று சில விலங்குகளை மட்டுமே சட்டம் குறிப்பிட்டிருந்தது. 2021இல் அது விரிவானது. அடிபட்ட விலங்கு யாரோ வளர்ப்பது என்று நினைக்கக் காரணம் இருந்தாலோ, அதைச் சாலையில் அப்படியே விட்டால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றாலோ நிற்க வேண்டும். பூனையும் இதில் அடங்கும்.

நின்றதும் அபாய விளக்கைப் போடுங்கள், எஞ்சினை அணையுங்கள். விரைவுச்சாலை என்றால் இறங்குவதற்கு முன் பின்னால் வரும் வண்டிகளைப் பாருங்கள். இறங்கிய பிறகு தடத்தில் நிற்காமல் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். பிஐஇ விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் வண்டி நீங்கள் கைகாட்டியதும் நின்றுவிடாது.

படி 2: மனிதர்களைக் கவனியுங்கள்

கீறலைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995, போலீசுக்கு 999. ஓட்டுநர் தன்னால் முடிந்த நியாயமான உதவியைச் செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் அதிகாரி அங்கே வந்து உதவி கேட்டால் அதையும் செய்ய வேண்டும்.

உதவி என்றால் வைத்தியம் பார்ப்பது என்று அர்த்தமில்லை. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிள்காரரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். 995ஐ அழைத்தால் எதிர்முனையில் இருப்பவரே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார். போனை வைத்துவிடாமல் ஸ்பீக்கரில் போடுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

ஓட்டுநருக்கு அந்த நேரத்தில் படபடப்பாக இருக்கும். அதனால் போன் செய்யும் வேலையைப் பயணி எடுத்துக்கொள்வது நல்லது. இடத்தைச் சொல்லத் தெரியவில்லை என்றால் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையோ, அருகிலுள்ள புளோக் எண்ணையோ, பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணையோ சொல்லலாம்.

படி 3: வண்டியை நகர்த்தலாமா?

யாருக்கும் காயம் இல்லையென்றால் முதலில் படம் எடுங்கள், அப்புறம் வண்டியை ஓரமாக நகர்த்துங்கள்.

உயிரிழப்போ கடுமையான காயமோ ஏற்பட்டிருந்தால் விஷயம் வேறு. போலீஸ் அனுமதி இல்லாமல் யாரும் வண்டியை நகர்த்தவோ அதில் கை வைக்கவோ கூடாது. இந்தத் தடை ஓட்டுநருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் பொருந்தும். சிக்கிக்கொண்டவரை வெளியே எடுக்க, தீப்பிடிக்காமல் தடுக்க, பொதுமக்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வராமல் பார்க்க, எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் நகர்த்தலாம். பயணிகளின் பெட்டி, பைகளைக்கூடப் போலீஸ் அதிகாரியின் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். "என் லேப்டாப் உள்ளே இருக்கிறதே" என்று கதவைத் திறந்து துழாவாதீர்கள்.

விரைவுச்சாலையில் வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார்பார்க்குக்கு இலவசமாக இழுத்துச் செல்லும். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்து, அவர்கள் அனுப்பும் வண்டியில் மட்டும் ஏற்றுங்கள். எந்தப் பட்டறைக்குப் போகிறது என்பதே உங்கள் இழப்பீட்டைப் பாதிக்கும்.

படி 4: விவரங்களைக் கொடுங்கள், வாங்குங்கள்

பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண், வண்டி எண், காப்புறுதி நிறுவனத்தின் பெயர். நியாயமான காரணத்தோடு கேட்பவருக்கு ஓட்டுநர் தன் விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். அங்கே கொடுக்க முடியாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும்.

கார்பார்க்கில் நின்ற காரை இடித்துவிட்டீர்கள், உரிமையாளர் அங்கே இல்லை. அப்போதும் கிளம்பிப் போய்விடக் கூடாது. அவருக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். பெயரும் எண்ணும் எழுதிய தாளை வைப்பரில் செருகுங்கள், அந்தத் தாளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் மை அழிந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் உறையில் போடுவது என் பழக்கம்.

நிற்காமல் போவதற்குத் தண்டனை உண்டு. விபத்தில் கடுமையான காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால், முதல் முறைக்கே 3,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை, கூடவே குறைந்தது 12 மாதம் வண்டி ஓட்டத் தடை. கவனக்குறைவாக ஓட்டியதற்கான குற்றச்சாட்டு இதற்கு மேல் தனி.

பேசும்போது ஒரு கவனம். "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று தாராளமாகக் கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள். ஆனால் "தப்பு என்னுடையதுதான், எல்லாச் செலவையும் நானே தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யார் பொறுப்பு என்பதைக் காப்புறுதி நிறுவனங்கள் பிறகு பேசித் தீர்மானிக்கும்.

படி 5: படமும் சாட்சியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்யத் தவறியது இதைத்தான்.

முதலில் தூரத்திலிருந்து: இரண்டு வண்டிகளும், சாலைக் கோடுகளும், போக்குவரத்து விளக்கும் ஒரே படத்தில் வர வேண்டும். அடுத்து ஒவ்வொரு வண்டியையும் நான்கு பக்கமும் எடுங்கள். சேதமே இல்லாத பக்கத்தையும் எடுங்கள். எங்கள் விஷயத்தில் பின்கதவு நன்றாக இருந்தது என்பதைக் காட்ட ஒரு படம் போதுமாக இருந்திருக்கும். பிறகு சேதத்தை நெருங்கி எடுங்கள். வண்டி எண் தெரிய வேண்டும். எதிர்வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

வண்டிக் கேமரா இருந்தால் அன்றே பதிவை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை விட்டுவிடுங்கள். போலீசுக்கும் காப்புறுதிக்கும் போனால் போதும்.

படி 6: 24 மணி நேரத்துக்குள் இரண்டு இடங்கள்

முதலாவது உங்கள் காப்புறுதி நிறுவனம். 2008 ஜூன் முதல் சிங்கப்பூரில் ஒரு பொது நடைமுறை இருக்கிறது: எவ்வளவு சின்ன விபத்தானாலும், கீறலே தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் அங்கீகரித்த பட்டறைக்கு வண்டியையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டாலும் இதில் விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் அவர்கள் பொறுப்பேற்க மறுக்கலாம், பல ஆண்டுகளாகச் சேர்த்த கட்டணத் தள்ளுபடியையும் குறைக்கலாம். அக்காவுக்குத் தள்ளுபடி குறைந்தது. வக்கீல் கடிதம் வந்த பிறகே அவர் நிறுவனத்திடம் போனார்.

இரண்டாவது போலீஸ். எல்லா விபத்துக்கும் போலீஸ் புகார் தேவையில்லை. கட்டாயமானவை இவை: ஒருவர் உயிரிழந்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாலோ, காயமடைந்தவருக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைத்தாலோ, அரசாங்க வண்டிக்கோ சொத்துக்கோ சேதம் என்றாலோ, வெளிநாட்டுப் பதிவு வண்டி சம்பந்தப்பட்டாலோ, பாதசாரியோ சைக்கிள்காரரோ அடிபட்டாலோ, இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டாலோ. மலேசிய எண் கொண்ட மோட்டார் சைக்கிள்கள் நிறைய ஓடும் ஊர் இது என்பதால் வெளிநாட்டு வண்டி விதியை மனத்தில் வையுங்கள்.

படி 7: பயணியின் பங்கு

உடன் வந்தவர் ஒரு சாட்சி. போலீஸ் கேட்டால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். ஓட்டியது யார் என்ற தகவலைக் கேட்டால் மறைக்கக் கூடாது. கணவர் ஓட்டிய வண்டியை மனைவி ஓட்டியதாகச் சொல்வது, அண்ணனின் லைசென்ஸைக் காப்பாற்றத் தம்பி பழியை ஏற்பது, இதெல்லாம் பாசம் போலத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். இருவருமே சிறைக்குப் போகலாம்.

வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால், உங்களுக்குப் புரியும் மொழியில் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தவறாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பயணியே விபத்துக்குக் காரணமாவதும் உண்டு. ஓரமாக நின்ற காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் திறந்து, வரும் சைக்கிளில் இடித்துவிட்டால், "நான் ஓட்டவில்லையே" என்று நழுவ முடியாது. அங்கேயே இருந்து உங்கள் விவரத்தையும் கொடுங்கள்.

காயம் பட்ட பயணிக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. தன் வண்டியின் ஓட்டுநர் மேலேயே தப்பு என்றாலும் கேட்கலாம், ஏனெனில் பயணிகளின் காயத்துக்கான காப்புறுதி இங்கே கட்டாயம். இருக்கை வார் போடாமல் இருந்திருந்தால் தொகை குறையலாம். வலி லேசாக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்; ரசீது, எம்சி எல்லாவற்றையும் வையுங்கள். காயத்துக்கான வழக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். காயமில்லாத, 3,000 வெள்ளிக்குக் குறைந்த வாகன இழப்பீட்டுத் தகராறு என்றால் நீதிமன்றத்துக்கு முன் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்துக்குப் போக வேண்டும்.

லாரியில் வேலைக்குப் போகும் சகோதரர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்க்காரர்கள் பலர் தினமும் லாரியின் பின்னால் உட்கார்ந்துதான் வேலையிடம் போகிறார்கள். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், அது வேலையிடக் காயமாகவே கருதப்படும். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி மருத்துவச் செலவும், விடுப்பு நாள்களுக்கான சம்பளமும், நிரந்தர ஊனம் என்றால் ஒரு மொத்தத் தொகையும் கேட்கலாம். தப்பு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். இந்த வழியையும் சிவில் வழக்கையும் சேர்த்துப் பிடிக்க முடியாது என்பதால், முடிவெடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: லாரியில் வந்தேன், இந்தச் சாலையில், இந்த நேரத்தில். விடுதியில் வழுக்கி விழுந்தேன் என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். மருத்துவக் குறிப்பில் முதலில் எழுதப்படுவதுதான் கடைசி வரை கூட வரும். லாரி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே அமைச்சிடம் போகலாம்.

பாலம் தாண்டி ஜொகூரில் நடந்தால்

வார இறுதியில் நம்மில் பலர் அங்கேதான் இருக்கிறோம். சிங்கப்பூர் வண்டி மலேசியாவில் விபத்தில் சிக்கினால் அங்குள்ள போலீஸ் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சோதனைச் சாவடியில் வரிசை நீளுமே என்று அவசரப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். புகாரைப் பதிந்து, நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்ததும் அந்த நகலோடு உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும், அதே 24 மணி நேரம் அல்லது அடுத்த வேலை நாளுக்குள்.