அண்டார்க்டிகா கப்பல் பயணத்தில் விலங்குகளைக் காண்பது எப்படி

அண்டார்க்டிக் தீபகற்பத்துக்குச் செல்லும் கப்பல்களில் பெரும்பாலானவை, அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உசுவாயா துறைமுகத்திலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை புறப்படுகின்றன. எதைக் காண வேண்டும் என்பதை முடிவுசெய்த பிறகே மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பரில் பனி வெண்மை குலையாமல் கிடக்கும். பென்குயின்கள் இணைசேர்ந்து கூடு கட்டும். டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி வரை குஞ்சுகளைக் காணலாம். திமிங்கிலங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு பிப்ரவரியும் மார்ச்சும் உகந்தவை. ஆனால் அதற்குள் பென்குயின்கள் வாழும் கரைகள் சேறும் எச்சமுமாகி, துணியில் ஒட்டிக்கொண்டு போகாத நாற்றம் எடுத்திருக்கும்.

அடுத்தது கப்பலின் அளவு. சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கம் வகுத்த விதிப்படி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் யாரையும் கரையிறக்கவே கூடாது. ஆகவே, கட்டணம் குறைவு என்று பெரிய கப்பலில் பதிவுசெய்பவர், கடைசிவரை மேல்தளத்தில் நின்றபடியே அண்டார்க்டிகாவைப் பார்த்துத் திரும்ப நேரிடும்.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே அலைகள் கொந்தளிக்கும் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். குமட்டலுக்கான மாத்திரையை, கப்பல் உசுவாயாவை ஒட்டிய பீகிள் கால்வாயின் அமைதியான நீரில் இருக்கும்போதே விழுங்கிவிட வேண்டும். வயிறு புரட்டத் தொடங்கிய பின் அது பெரிதாக உதவாது. எழுந்து நடக்க முடிந்தால் அறைக்குள் முடங்காமல் கப்பலின் பின்தளத்துக்குச் செல்லுங்கள். இறக்கை விரிப்பு 3.5 மீட்டர் வரை எட்டக்கூடிய அலையும் அல்பட்ரோஸ் பறவை, சிறகை அடிக்காமலேயே காற்றின் மேல் சாய்ந்து சாய்ந்து கப்பலைத் தொடர்ந்து வருவதைக் காண அதுவே நல்ல இடம்.

கரையிறங்குவதற்கு முன் பைகளையும் சட்டைப்பைகளையும் உறிஞ்சுகருவியால் சுத்தம் செய்து, காலணிகளைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்வார்கள். ஒரு புல்விதைகூட அங்கே போய்ச் சேரக் கூடாது என்பதால் இதில் சலிப்புக் காட்டக் கூடாது. ரப்பர் படகில் ஏறும்போது இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். கைகுலுக்குவதுபோல் உள்ளங்கையை நீட்டாமல், படகோட்டியின் முன்கையைப் பற்றிக்கொண்டால் ஈரக் கையுறை வழுக்கினாலும் பிடி நழுவாது.

கரையில் பென்குயினிடமிருந்து 5 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். பனியில் அவை நடந்து நடந்து வாய்க்கால்போல் பதிந்த தடங்களை மறித்து நிற்கக் கூடாது. உங்கள் கால் முழங்கால்வரை புதைந்தால், எழுந்ததும் அந்தக் குழியைப் பனியால் மூடிவிடுங்கள். அதில் விழும் பென்குயினால் ஏறிவர இயலாமல் போகலாம். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு, தரையில் உட்காரவோ பையை வைக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடும் வந்துள்ளது.

இவ்வளவும் செய்தபின், நடப்பதை நிறுத்துங்கள். முப்பது இடங்களில் படமெடுக்க ஓடுவதைவிட ஒரே இடத்தில் அரைமணி நேரம் நிற்பதே பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. செம்மஞ்சள் அலகுடைய ஜென்டூ பென்குயின் ஒன்று, பக்கத்துக் கூட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பியிருக்கும் வேளை பார்த்து அதன் கூட்டிலிருந்து ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு, ஒன்றும் அறியாததுபோல் தன் இணையின் காலடியில் கொண்டுபோய் வைக்கும். சற்று நேரத்தில் அந்தக் கல்லும் வேறொருவரால் களவுபோகும்.

படகில் சுற்றும்போது எஞ்சினை நிறுத்தியதும் பேச்சையும் நிறுத்த வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் மூச்சொலி காதில் விழுவதுண்டு. முதுகு உயர வளைந்தால் அது ஆழத்துக்குப் போகிறது என்று பொருள். அடுத்த கணம் வால் எழும். வாலின் அடிப்புற வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், தெளிவான ஒரு படம் அந்தத் திமிங்கிலத்தை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு உதவும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். ஆகவே மாற்று மின்கலத்தை உடலை ஒட்டிய உள்சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.