கறிக்குழம்பில் கரையாத சாமை–கொள்ளு குட்டி அடை

புரட்டாசி வந்தால் கறிக்குழம்பு மசாலா வாசம் வேண்டும், கறி கூடாது. மீல் மேக்கர் சலித்துப்போனவர்களுக்கு இந்தக் குட்டி அடை. சாமை மட்டும் போட்டால் வெளுப்பாக, பொங்கலைத் தட்டிப் போட்ட மாதிரி இருக்கும். கொள்ளு சேர்ந்தால்தான் கருத்த நிறமும் மண்வாசமும், மெல்ல ஏதோ இருக்கிறது என்ற நிறைவும் வரும். சாமையில் குறைவாக உள்ள லைசின் கொள்ளில் நன்றாகவே இருப்பதால் சத்துக்கும் இது நல்ல ஜோடி.

14 அடைக்கு: சாமை 200 கிராம், கொள்ளு 100 கிராம், சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், சோம்பு 1 டீஸ்பூன், நுணுக்கிய மிளகு 1 டீஸ்பூன், கல்பாசி ஒரு சிட்டிகை, ஜவ்வரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை, உப்பு. மிளகு ஏற்காட்டு மிளகாக இருந்தால் நல்லது, அதையும் அப்போதே நுணுக்குங்கள். கல்பாசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கறி வாசம் என்று நாம் நினைப்பதில் பாதி அதனுடையதுதான்.

கடையில் ஜவ்வரிசி மாவு தேட வேண்டாம். சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக்கா பஞ்சம்? மாவு ஜவ்வரிசி வாங்கி, ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் பொடித்துச் சலித்தால் போதும். கடலை மாவு போட்டால் பஜ்ஜி வாசம் வந்துவிடும், மைதா போட்டால் சவசவவென்று ஆகிவிடும்.

1. கொள்ளை 8 மணி நேரம் ஊறவைத்து குக்கரில் 6 விசில் விடுங்கள். தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும், இங்கேயும் இரண்டு ஸ்பூன் தேவைப்படலாம். வெந்த கொள்ளை ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, கொரகொரப்பாக எடுங்கள்.

2. சாமையைக் கல் போக நாலு முறை அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். 480 மில்லி தண்ணீர் கொதித்ததும் போட்டு, மூடி, சிறு தீயில் 15 நிமிடம். உப்புமாவுக்கு வறுக்கிற பழக்கத்தில் சாமையை வறுத்துவிடாதீர்கள். வறுத்தால் உதிரி உதிரியாக வேகும், நமக்கு வேண்டியது ஒட்டுகிற சாமை.

3. அடை உடைவதும் உடையாததும் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. வெந்த சாமையைச் சூட்டோடு பிசையவே கூடாது. அகலத் தட்டில் பரப்பி, ஆவி போகவிட்டு, 40 நிமிடம் ஆறவிடுங்கள். அதன்பின் மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில். சாமையில் கோதுமைபோலப் பசையம் கிடையாது. வெந்து பசையான மாவுச்சத்து ஆறும்போது இறுகுவதுதான் இங்கே பிடிமானம். சூட்டில் பிசைந்தால் நன்றாக ஒட்டுகிற மாதிரித் தெரியும், கல்லில் போட்டதும் வழியும். அதைப் பார்த்துவிட்டு மாவைக் கொட்டுவோம், அடை ரப்பராகும்.

4. ஆறிய சாமையில் பாதியை மட்டும் கையால் அழுத்தி மசியுங்கள், மீதி முழுசாக இருக்கட்டும். மெல்லும்போது பல்லில் தட்டுப்பட அதுதான். கொள்ளு, மசாலா, ஜவ்வரிசி மாவு சேர்த்துப் பிசையுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயமும் உப்பும் கடைசியில், தட்டுவதற்குச் சற்று முன். முன்கூட்டியே போட்டால் உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்து மாவைத் தளர்த்திவிடும்.

ஒரு சோதனை: எலுமிச்சை அளவு உருட்டி, ஒரு அடி உயரத்திலிருந்து தட்டில் போடுங்கள். விழுந்த பக்கம் லேசாகச் சப்பினால் பதம். விரிசல் விட்டால் காய்ந்திருக்கிறது, கொள்ளுத் தண்ணீர் ஒரு ஸ்பூன். வடைபோல் பரந்தால் ஈரம் கூடிவிட்டது, ஜவ்வரிசி மாவு ஒரு ஸ்பூன் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

5. 60 கிராம் உருண்டைகளாக எடுத்து, அரை அங்குல கனத்தில் தட்டுங்கள். பழகிய இரும்புத் தோசைக்கல்தான் என் தேர்வு. நான்ஸ்டிக்கில் வேகும், ஆனால் அந்த முறுகல் வராது. கல் நன்றாகக் காய்ந்ததும் தீயை மிதமாக்கி, எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு 4 நிமிடம். ஓரம் சிவக்கும்முன் கரண்டியைக் கொண்டுபோகாதீர்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், வெந்தால் தானே விடும்.

6. குழம்பு உங்கள் வீட்டுக் கறிக்குழம்பேதான், அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூட விடுங்கள், அடை உறிஞ்சும். சுட்ட அடை பத்து நிமிடம் ஆறட்டும். குழம்பு கொதித்து, அடுப்பை அணைத்தபின் அடைகளை அடுக்கி மூடி, 5 நிமிடத்தில் பரிமாறுங்கள். கரண்டி போட்டுக் கிண்டினால் கூட்டாகிவிடும்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டில் இதே கணக்கில் வைத்தால் சாமை நடுவில் விறைப்பாக நிற்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அருகிலேயே கொதித்துவிடுவதுதான் காரணம். மேலே இருப்பவர்கள் சாமையை ஒரு மணி நேரம் ஊறவைத்து, 50 மில்லி தண்ணீர் கூட்டி, 20 நிமிடம் வேகவிடுங்கள். கொள்ளுக்கு இரண்டு விசில் அதிகம்.

இன்னொன்று, பட்டை தீட்டாத பழுப்புச் சாமைக்கும் இதே 50 மில்லி கூட வேண்டும். குதிரைவாலியிலும் செய்யலாம், ஆனால் அது சீக்கிரம் குழையும், 420 மில்லி தண்ணீர் போதும்.

வெங்காயம், உப்பு சேர்க்காத கலவை ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். சேர்த்துவிட்டால் அன்றே சுட்டுவிடுங்கள். சுட்டது மிஞ்சினால் மறுநாள் கல்லில் முறுகவிட்டு, தட்டுவடை செட் கணக்காய் நடுவில் கேரட், பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் வைத்துப் பாருங்கள்.