சுவிட்ச் சிபியு திடீரென்று எகிறியபோது

தக்கலையில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கணினிகளையெல்லாம் இணைக்கும் முதன்மை சுவிட்சின் சிபியு பயன்பாடு அவ்வப்போது 90 சதவீதத்தைத் தாண்டும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஆடிச் சாரலில் கரண்ட் போய்வரும் ஊர் என்பதால் எல்லோரும் யூபிஎஸ்ஸைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

சிஸ்கோ சுவிட்சில் ‘ஷோ பிராசஸஸ் சிபியு ஹிஸ்டரி’ என்று கேட்டால் கடந்த 60 நொடி, 60 நிமிடம், 72 மணி நேரத்துக்கான வரைபடம் வரும். அதில் ஏற்றங்கள் சீப்பின் பற்கள் போலச் சம இடைவெளியில் நின்றன. கரண்ட் இப்படி மணி பார்த்துப் போய்வராது. ஏதோ ஒரு மென்பொருள் நேரம் வைத்து ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்த ஏற்றத்தின்போது ‘ஷோ பிராசஸஸ் சிபியு சார்ட்டட்’ போட்டேன். சிபியுவை அதிகம் தின்னும் வேலையை அது முதலில் காட்டும். முதலில் நின்றது ‘ஏஆர்பி இன்புட்’. ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று கணினிகள் நெட்வொர்க்கில் கேட்பதுதான் ஏஆர்பி. சாதாரண டிராஃபிக்கை சுவிட்சின் சிப்பே கடத்திவிடும். ஏஆர்பி கேள்விகளோ சிபியு வரை போகும். உள்ளே நடப்பதை வரிவரியாகக் காட்டும் டீபக் கட்டளை இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம், திணறுகிற சிபியு இன்னும் திணறும். டிராஃபிக்கின் நகலை என் கணினிக்குத் திருப்பி (போர்ட் மிரர்), அதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தேன். ஒரே கணினி, ஆளில்லாத முகவரிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எந்தக் கணினி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் வைத்திருக்கும் மேக் டேபிளைப் பார்த்து அந்தக் கணினியின் போர்ட்டைப் பிடித்தேன். அலுவலகக் கணினியில் இருந்த பிரிண்டர் கண்காணிப்பு மென்பொருள் மொத்த நெட்வொர்க்கையும் துழாவியிருக்கிறது. பிரிண்டர்களின் முகவரிகளை மட்டும் அதில் கொடுத்தேன். சரியாகிவிட்டது.