பாயிண்ட் கால வைத்தியம் எலக்ட்ரானிக் வண்டிக்கு ஆகாது

ஐப்பசி மழையில் பழைய அம்பாசடரோ பத்மினியோ வழியில் நின்றுவிட்டால், வருகிற மெக்கானிக் முதலில் பிளக் வயரைப் பிடுங்கி, பொறி பாய்கிறதா என்று பார்க்க இன்ஜினுக்குப் பக்கத்தில் காட்டிச் செல்ஃப் அடிக்கச் சொல்வார். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு அறுத்துப் பொறி வரவைக்கும் பழைய சுவிட்ச்) இருந்தவரை அது செல்லுபடியானது. பாயிண்டை எடுத்துவிட்டு, அதே வேலையை எலக்ட்ரானிக்காகச் செய்யும் மாட்யூல் போட்ட வண்டியில் இதுதான் முதல் தவறு. இடைவெளி கூடிப்போனால் அத்தனை ஆயிரம் வோல்ட்டும் போக வழியில்லாமல், வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலுக்குள்ளேயோ, பிளக்குகளுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டாரிலோ, மாட்யூலிலோ வழி தேடிக்கொள்ளும். ஒரு பழைய பிளக்கை அந்த வயரில் மாட்டி, அதன் உடம்பை ஒரு துண்டு வயரால் இன்ஜினோடு கட்டிவிட்டுப் பாருங்கள். கையில் பிடிக்காதீர்கள், அதுவும் ஈரத் தரையில்.

அடுத்தது, இன்ஜின் நின்றிருக்கும்போது சாவியை ஆன் செய்தே விட்டுவிடுவது. கோயில் வாசலில் ஆள் வரும்வரை பாட்டுக் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். எளிய மாட்யூல்கள் பலவற்றில் காயிலுக்குக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கலாம். 3 ஓம் காயில் என்றால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 50 வாட் சூடு. பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் தடை) வேலை செய்ய வேண்டிய 1.5 ஓம் காயிலை நேராக மாட்டியிருந்தால் இது இரட்டிப்பு. காயிலை அளக்கும்போது வயர்களைக் கழற்றிவிட்டு அளங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, அதில் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

"மாட்யூல் அவுட்" என்று தீர்ப்புச் சொல்கிற அவசரம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். மாட்யூலின் சிவப்பு வயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று செல்ஃப் அடிக்கும்போது பார்த்தார்களா? தேய்ந்த இக்னிஷன் சுவிட்சே ஒன்றிரண்டு வோல்ட்டைத் தின்றுவிடும். பழைய பாலஸ்ட் வயர் வழியாகவே மாட்யூலுக்குச் சப்ளை கொடுத்திருப்பார்கள். டெல்கோவுக்குள் (டிஸ்ட்ரிபியூட்டருக்கு நம் பட்டறைப் பெயர்) தட்டோடு சேர்ந்து ஆடும் மெல்லிய எர்த் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. வேதாரண்யம், நாகை பக்க வண்டிகளில் உப்புக்காற்றுக்கு டெர்மினல் பச்சை பூத்துவிடும். சுரண்டி மாட்டினால் பாதி நோய் போய்விடும்.

டெல்கோ மூடி நனைந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆனால் உள்பக்கம் பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புத் தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்றுங்கள். பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றி மாட்டுவது, வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் விடுவது, இரண்டும் மாட்யூலை நொடியில் கொன்றுவிடலாம். இதில் விளக்கத்துக்கு ஒன்றுமில்லை. மின் இரைச்சலை அடக்கும் சப்ரசர் வயர் கேட்கும் மாட்யூலுக்குச் செம்புக் கம்பி பிளக் வயர் போட்டால் சிக்னல் குழம்பி மிஸ் அடிக்கும்.

அப்புறம், கழற்றிய பாயிண்ட் செட்டையும் கன்டென்சரையும் தூக்கிப் போடாதீர்கள். சீர்காழி தாண்டி ஒரு ராத்திரி என் அம்பாசடரில் மாட்யூல் உண்மையிலேயே போயிற்று. டிக்கியில் கிடந்த பழைய பாயிண்டை மாட்டினேன். 0.4 மி.மீ. இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் இல்லை, சட்டைப் பையில் இருந்த விசிட்டிங் கார்டைச் செருகி வைத்தேன். டைமிங் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. முக்கிக்கொண்டே மாயவரம் வந்து சேர்ந்தது வண்டி.