செட்டிநாட்டு வீட்டு மாடியில் சோலார்: தளத்தில் ஒரு துளைகூடப் போடாமல்

எங்கள் ஊர் வீட்டில் மூன்று கிலோவாட் சோலார் ஓடத் தொடங்கி ஒரு மழைக்காலம் போய்விட்டது. தளம் ஒழுகவில்லை. பேனல் எப்படி மின்சாரம் தருகிறது, நெட் மீட்டர் என்றால் என்ன என்பதற்கெல்லாம் யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதற்குள் நான் போகப்போவதில்லை. தேக்குக் கட்டையும் சுண்ணாம்புத் தளமுமாக நிற்கிற பழைய வீட்டுக்கு மட்டும் வேண்டியதைச் சொல்கிறேன்.

1. உண்மையிலேயே தேவையா?

முன்னோர் படைப்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பூட்டிக் கிடக்கிற வீடு அதைத் தாண்டுவது அபூர்வம். ஆள் குடியிருந்து ஏசியும் மோட்டாரும் ஓடினால்தான் கட்டுப்படியாகும். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சொச்சம்.

2. பெயர், பங்கு, மானியம்

2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான். உள்நாட்டில் செய்த செல் உள்ள பேனலாக இருக்க வேண்டும், திட்டத்தின் பட்டியலில் உள்ள நிறுவனம்தான் மாட்ட வேண்டும்.

பழைய வீடுகளில் மின் இணைப்பு இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கும். அதை முதலில் மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். வாரிசுச் சான்றிதழ், பங்காளிகளின் சம்மதக் கடிதம் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாடி எல்லாருக்கும் பொது. "பரவாயில்லப்பா, போட்டுக்க" என்று போனில் சொன்னது பின்னால் யாருக்கும் நினைவிருக்காது. திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. அங்கே 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

3. சுவர் எங்கே இருக்கிறது?

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

மாட்ட வருகிறவர்களுக்குக் காங்கிரீட் மாடிதான் பழக்கம். காலுக்கு நாலு ஆங்கர் போல்ட் என்று டிரில்லிங் மெஷினோடு வந்து நிற்பார்கள். "கெமிக்கல் போட்டு சிலிகான் அடிச்சுட்டா ஒழுகாது சார்" என்பார்கள். மெட்ராஸ் டெரஸில் இது நடக்காது. கட்டைகளை வரிசையாகக் கிடத்தி, அதன் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்துச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த தளம் அது. போல்ட் உள்ளே விரிந்தால் செங்கல் விலகும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் கட்டையின் தலைமாட்டில் தங்கும். கட்டை உளுத்துத் தொய்கிற வரை கீழே ஒன்றும் தெரியாது.

சரி, துளை வேண்டாம், கனமான காங்கிரீட் கட்டைகளை வைத்து அழுத்தலாம் என்பது அடுத்த யோசனை. அதுவும் அறையின் நடுவில் வைத்தால் பாரம் முழுக்கத் தேக்கின் மேல்தான், இரவும் பகலும். பாரம் சுவரின் தலையில்தான் இறங்க வேண்டும். சுவர் ஒன்றரை, இரண்டு அடி கனம், அது தாங்கும்.

ஆனால் மேலே நின்றால் எல்லாம் ஒரே தட்டோடு. சுவர் எங்கே ஓடுகிறதென்று எப்படித் தெரியும்? மாடிப்படி வாசல் கீழிருந்தும் மேலிருந்தும் தெரிகிற இடம். அதன் மூலையில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு ஒரு புள்ளி எடுங்கள். கீழே அந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு சுவரும் எவ்வளவு தூரம் என்று அளந்து தாளில் வரையுங்கள், சுவர்களின் கனத்தையும் சேர்த்து. பிறகு அதே அளவை மேலே சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். அப்புறம் வெளிச்சுவரின் கைப்பிடிச் சுவரிலிருந்து இன்னொரு தடவை அளந்து சரிபாருங்கள். இரண்டும் அரையடிக்கு மேல் விலகினால் மறுபடி அளங்கள். லேசர் மீட்டரை நான் நம்பவில்லை. வெயிலில் புள்ளியே தெரியாது. முப்பது மீட்டர் ஃபைபர் டேப்பே போதும். மாடி அறை இருந்தால், அதன் சுவர் தரைவரை இறங்குகிறதா என்றும் பாருங்கள். இடையில் உத்திரத்தின் மேல் நிற்கிற சுவர் உங்களுக்கு உதவாது.

அளக்கும்போதே தட்டோட்டைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் தூக்கியிருக்கிறது, முதலில் அதைப் பழுதுபாருங்கள். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கடுக்காய்த் தண்ணீரும் தெரிந்த கொத்தனார்தான் வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

4. சட்டம்

சுவர்க் கோட்டின் மேல் ரப்பர் பாய், அதன் மேல் காங்கிரீட் கட்டை, அதிலிருந்து எதிர்ச் சுவருக்கு இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் பேனல். அறையின் நடுத்தளத்தை எதுவும் தொடாது. 540 வாட் பேனல் ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும், ஆறு வேண்டும். ஆனால் எடையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் பக்கம் என்ன செய்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். சட்டத்தின் அளவையும் காங்கிரீட் கட்டைகளின் எடையையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும், அந்தச் செலவில் கைவைக்காதீர்கள். அடியில் துணி காயப்போட இடம் வேண்டுமென்று எட்டடி உயரத்துக்கு ஏற்றாதீர்கள். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும்.

இரும்பு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்ததாக இருக்கட்டும். வெள்ளிப் பெயின்ட் அடித்ததை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

5. வயர், எர்த்

கேபிளை முகப்பு வழியாக இறக்காதீர்கள். சுதைப் பொம்மைகளுக்கு நடுவே கறுப்புக் குழாய் பார்க்கச் சகிக்காது. பின்கட்டு வழியாக இறக்கி, இன்வெர்ட்டரை அங்கேயே நிழலில் மாட்டுங்கள். பேனல் பக்கம், வீட்டுப் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி. பழைய மரக் கேசிங் வயரிங்கில் எர்த் கம்பியே இருக்காது, மெயின் போர்டிலிருந்து புதிதாக இழுக்கச் சொல்லுங்கள்.

பிறகு சேர்த்தது

"கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே, பழுதா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். பழுதில்லை. கம்பத்தில் வேலை செய்கிறவர்மேல் நம் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது) தானாக அணைந்துகொள்ளும். பேட்டரி வேண்டுமென்றால் ஹைப்ரிட் வாங்க வேண்டும்.

இன்னொருவர் வளவை (வீட்டு நடு முற்றம்) சுற்றிய நாட்டு ஓட்டுக் கூரையில் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். ஆள் ஏறினாலே ஓடு நகர்ந்துவிடும். பின்கட்டில் பிற்காலத்தில் கட்டிய காங்கிரீட் பாத்ரூமோ அடுப்படியோ இருந்தால் அதன் மேல் வையுங்கள், அங்கே ஆங்கர் போல்ட்டே போடலாம். அதுவும் இல்லையென்றால் கொல்லையில் தரையில் கால் நட்டுப் போடலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று அந்த மாதத்தில் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.